மலையேறாத வருசம்

பாட்டிலின் வாய் சின்னதாக இருக்கிறது என்பதுதான் அன்று விடியற்காலையில் காளியாத்தாளுக்கு இருந்த ஒரே குறை. கம்மங்கூழை மோரில் கரைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, புனல் வைத்து ஊற்றிப் பார்த்தாள். கூழ் இறங்காமல் புனலிலேயே உட்கார்ந்திருந்தது.

“இத்தன ரூவா வாங்குனானே, நல்லதா ஒரு வாய வெச்சுக் குடுத்தா என்ன அவனுக்கு? ஈர்க்குச்சி போட்டுக் குத்தோணுமாட்ட இருக்குது.”

“அது தண்ணிக்குன்னு செஞ்சதும்மா. கூழக் குடிச்சுட்டு ஓடற ஆளு நாங்க ரெண்டு பேருதான்” என்றாள் தனப்பிரியா. வாசற்படியில் குனிந்து ஷூ கயிற்றை முடிந்துகொண்டிருந்தாள்.

“வெறுந் தண்ணியக் குடிச்சுட்டா மலையேறுவாங்க? பொறகு எப்படி வெளங்கும்?” என்று ஈர்க்குச்சியைத் தேடிப் போனாள் காளியாத்தாள். குத்தி, தட்டி, ஒரு வழியாக இரண்டு பாட்டிலையும் நிரப்பிக் கொடுத்தாள். “வெய்யலுக்கு முன்னால எறங்கீருங்க. அரிசிம்பருப்பு ஆக்கி மூடி வெச்சிருக்கறேன். ராசிபுரத்துல காதுகுத்து முடிச்சுட்டு நான் மத்தியான வண்டிக்கு வாரேன்.”

தனப்பிரியாவும் அவள் அண்ணன் சிவக்குமாரும் காட்டுவழியே அலவாய்மலையைப் பார்த்து ஓடத் தொடங்கினார்கள். வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் அவர்களுடைய ஊர். சிவக்குமாருக்கு வீட்டை ஒட்டியே தறிக்கூடம். இரவெல்லாம் துண்டு நெய்கிற தறிகளுக்கு நடுவே நின்று நின்று கெண்டைக்கால் கல்லாகியிருந்தது. தனப்பிரியாவைத் திருச்செங்கோட்டில் கொடுத்திருந்தார்கள். புருஷன் அர்த்தநாரி ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் போர் போட்டுக்கொண்டிருந்தான். ஊருக்கு வருவது பொங்கல், தீபாவளி என்று நோம்பிக்கு நோம்பிதான். அவள் அங்கே ரிக் உதிரிபாகக் கடையில் பில் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை மலையேற வேண்டும் என்பதற்காகச் சனிக்கிழமை பொழுதோடு பஸ் பிடித்து அம்மா வீட்டுக்கு வந்துவிடுவாள்.

சமவெளிக்காரர்கள் மலை ஓட்டத்துக்குத் தயாராவதில் ஒரு சங்கடம் உண்டு. ஓடுவதற்குத் தார்ச்சாலை எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும். ஏறுவதற்கு இடம் கிடைக்காது. இருக்கிற ஒரே மலையில் ஏறி, உச்சியைத் தொட்டு, இறங்கி, அடிவாரத்தில் ஒரு வாய் கூழ் குடித்து, மறுபடியும் ஏற வேண்டும். ஏறும்போது மூச்சுதான் வாங்கும். தொடையைத் தின்பது இறக்கம். அந்தத் தொடைக்கு இறக்கத்தைப் பழக்காமல் போனால் என்ன ஆகும் என்பதைப் போன தையில் இருவரும் பார்த்திருந்தார்கள். கொல்லிமலையில் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டம். அதில் இணையாக ஓடுகிற பிரிவு. இரண்டு பேரும் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் சேர்ந்தே வந்து சேர வேண்டும். ஒருவர் நின்றால் மற்றவரும் நின்றதாகத்தான் கணக்கு. கடைசி ஏற்றத்தின் அடியில் அவர்கள் தொடை பிடித்துக்கொண்டு தள்ளாடி வந்தபோது, நேரம் முடிந்துவிட்டது என்று கயிறு கட்டிவிட்டார்கள். அந்தக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த ஏற்றத்தைத் தனப்பிரியா அதற்குப் பிறகு தினமும் மனதுக்குள் ஏறிக்கொண்டிருந்தாள். வருகிற தையில் அதை முடித்தே ஆக வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அலவாய்மலையில் நன்றாக ஏறினார்கள். திரும்பி வந்து குளித்து, அரிசிம்பருப்புச் சோற்றில் நெய்யை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டே, உச்சிக்குக் கீழே இருக்கிற வழுக்குப் பாறையில் யாரால் தாமதமாயிற்று என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். காளியாத்தாள் ஏறிய டவுன் பஸ் அப்போது ஊர் நிறுத்தத்தில் நின்றது. யாரும் இறங்கவில்லை. கடைசி நிறுத்தத்தில், தூங்குகிறாள் என்று நினைத்துக் கண்டக்டர் தோளைத் தொட்டு எழுப்பியபோதுதான் தெரிந்தது. மடியில் தாம்பூலப் பை அப்படியே இருந்ததாம்.

ஆடி முடிகிற நேரம் அது. காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது.

காரியம் முடிந்த அன்று, பந்தலைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது, பெரியப்பா காளியண்ணன் சிவக்குமாரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அப்பா சின்னண்ணன் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தம்பி அதிகம் பேசாத மனுஷர் என்பதால் அந்த வீட்டுக்கும் சேர்த்துப் பேசுவது காளியண்ணனுக்குப் பழக்கம்.

“இங்க பாரு சாமி. இனி வருசம் திரும்பற வரைக்கும் நீ மலையேறக் கூடாது. அந்த ஓட்டம் கீட்டம் எல்லாம் மூட்ட கட்டி வெச்சுரு.”

“கோயிலுக்குத்தானுங்க போகக் கூடாது பெரீப்பா?” என்றாள் தனப்பிரியா.

“கோயில் இல்லாத மல ஒண்ணு காட்டு பாக்கலாம்.”

அவளால் காட்ட முடியவில்லை. அந்தப் பக்கத்தில் சாமி இல்லாத குன்று கிடையாது. தலையளவு கரடாக இருந்தாலும் உச்சியில் ஒரு வேல் நட்டுச் சுண்ணாம்பு அடித்திருப்பார்கள்.

“கொல்லிமலைக்குச் சனங்க மொளகு வாங்கப் போறாங்க, பலாப்பழம் வாங்கப் போறாங்க. அதுல எழவு ஊட்டுக்காரங்களும் இருப்பாங்கல்ல?”

“அவுங்க பஸ்ல போறாங்க. பஸ்ஸுதான ஏறுது? அவுங்களா ஏறுறாங்க?”

பந்தல்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மூங்கிலை உருவினார்.

“நானும் பஸ்ல ஒசக்க போயிட்டு அங்கேருந்து ஓடுறனுங்க” என்றான் சிவக்குமார்.

“கெரகத்த வெலைக்கு வாங்காத சாமி. வடக்காலத் தெரு வீரன் மவன், அப்பன் செத்து ஆறு மாசத்துல பழனிக்குப் போனான். திரும்பி வந்து பாத்தா ஊட்டுல எருமை செத்துக் கெடக்குது.”

“அந்த எருமைக்குப் பல்லே இல்லீங் பெரீப்பா. நான் பொறந்ததுல இருந்து அது கெழடு” என்றாள் தனப்பிரியா.

“நீ எதுக்கு இதுல வாயக் குடுக்கற அம்முணி? உனக்குத்தான் ஒண்ணும் இல்லையே. கட்டிக் குடுத்த புள்ள. மூணு நாளோட உன்ற தீட்டு முடிஞ்சு போச்சு. நீ பாட்டுக்கு மலையேறு, ஓடு, என்னமோ பண்ணு. உன்னைய ஆரு வேண்டாங்கறா?”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஒரு சலுகையைக் கொடுப்பதுபோல நல்ல மனதோடுதான் சொன்னார். அவள் எழுந்து, பந்தல்காரர் உருவிப் போட்ட மூங்கில்களை அடுக்கப் போனாள்.

திருச்செங்கோட்டுக்குத் திரும்பினபோது மாமியாரும் அதையேதான் சொன்னாள். “மலைக்குப் போயி ஒரு வெளக்குப் போட்டுட்டு வந்துரு கண்ணு. மனசு லேசாகும்.” விடியும் முன்னால் தனப்பிரியா மலைக்கோயில் படி ஏறினாள். வழக்கமாக அங்கே ஏறி இறங்கி மறுபடி ஏறுகிறவள்தான் அவள். அடிவாரத்துப் பூக்காரி, “இன்னும் அந்த வேண்டுதல் முடியலையா சாமி?” என்று எப்போதும் கேட்பாள். அன்றைக்கு ஒரே மூச்சில், எங்கும் நிற்காமல், அதுவரை ஏறியிராத வேகத்தில் உச்சிக்குப் போனாள். உடம்பு அத்தனை சுலபமாக ஏறியது அவளுக்கே அருவருப்பாக இருந்தது. பெற்ற தாய் செத்தவளுக்குக் காலாவது கனக்க வேண்டாமா? விளக்குப் போடாமலே இறங்கி வந்தாள்.

சிவக்குமார் சும்மா இருக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அவள் வந்தபோது, “வெடிய வா, ஒண்ணு காட்டறேன்” என்று அவர்களுடைய வெள்ளாமைக் காட்டுக்குக் கூட்டிப் போனான். அங்கே அவர்களுடைய பழைய கிணறு இருந்தது. பெரிய சதுரக் கிணறு. ஊரைச் சுற்றி ஆயிரம் அடிக்கு மேல் போர் போட்ட பிறகு அதில் தண்ணீர் வற்றிப் பல வருசம் ஆயிற்று. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கல்படிகள் ஒன்றின்கீழ் ஒன்றாக இருட்டுக்குள் இறங்கின. அடியில் வேலஞ்செடியும் உடைந்த பானையும் கிடந்தன.

“இங்கயா?”

“பெரீப்பாகிட்டக் கேட்டுட்டேன். கெணறு பள்ளம்தான, பள்ளத்துக்குச் சாமி ஏதுன்னு சொல்லிப்புட்டாரு.”

அதுதான் அந்த வீட்டுப் பிள்ளைகள் கண்டுபிடித்த மலை. விடிந்ததிலிருந்து வெயில் கிணற்றுக்குள் இறங்குகிற வரைக்கும் இருவரும் இறங்கி ஏறினார்கள். மேலே வந்ததும் வரப்பில் ஒரு சுற்று, மறுபடி உள்ளே. மலையென்றால் ஏறிக் களைத்த பிறகுதான் இறக்கம். இங்கே முதலில் இறங்க வேண்டியிருந்தது. காலில் சூடு ஏறும் முன்பே கவனமெல்லாம் தேவைப்பட்டது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே பாதாளம் தெரிந்தது. புறாக்கள் பொந்துகளிலிருந்து மூஞ்சிக்கு நேராகப் பறந்தன. அடியில் காற்றே இல்லை. புழுக்கமும் புறா எச்சத்தின் நாற்றமும். அண்ணாந்து பார்த்தால் ஒரு துண்டு வானம். எவ்வளவு ஏறினாலும் கடைசியில் வந்து சேர்ந்தது தரைக்குத்தான் என்பதை அவளால் பொறுக்க முடியவில்லை.

அப்பா சில நாள் கிணற்று மேட்டில் வந்து குந்தியிருப்பார். காளியாத்தாள் போன பிறகு அவர் பேசியதே கொஞ்சம்.

“எதையாச்சும் தொலைச்சுட்டீங்களா சாமி உள்ள?” என்று ஒருமுறை கேட்டார்.

“இல்லீங்ப்பா.”

“பொறகு எதுக்கு இந்தத் தேடு தேடறீங்க?”

கூழும் முன்போல் இல்லை. சிவக்குமார் கரைப்பதில் ஒரு நாள் கட்டி, ஒரு நாள் உப்பு. தனப்பிரியா அதைக் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லமாட்டாள். அதையும் அவன் ஒரு குற்றமாகவே எடுத்துக்கொண்டான்.

புரட்டாசியில் ஒரு நாள், பாதிக் கிணற்றில், ஒரே கல்லில் இருவரும் மூச்சு வாங்க நின்றபோது அவள் கேட்டாள்.

“நீ நெசமா இத நம்பறயாண்ணா?”

“எத?”

“மலையேறுனா ஏதோ ஆயிப்போகும்னு.”

“நம்பல.”

“பொறகு வா. நாளைக்கு வெடிய அலவாய்மலைக்குப் போலாம். இந்தப் பொந்துக்குள்ள ஓடி என்னத்துக்கு ஆகும்? ஒரு ஏத்தம் முழுசா ஏறாம கொல்லிமலையில போயி நின்னா, போன வருசமாட்டத்தான் தள்ளாடோணும்.”

“ஏறலாம். ஏறி எறங்குன மறாநாளு அப்பாவுக்கு நெஞ்சு வலிக்குதுன்னு வெச்சுக்க. வயசாச்சு, வலிக்கத்தான் செய்யும். ஆனா ஊரு என்ன சொல்லும்? ஊர விடு. அப்பா என்ன நெனைப்பாரு? எனக்கே அப்ப என்ன தோணும், சொல்லு.”

“அப்படிப் பாத்தா நான் ஏறுனதுக்கும்தான் ஏதாச்சும் ஆவோணும்.”

“உனக்குத்தான் இல்லையே பாப்பா.”

அவள் கையிலிருந்த பாட்டிலைக் கிணற்றின் அடியைப் பார்த்து வீசினாள். அது சுவரில் பட்டுப் பட்டு உள்ளே போய் விழுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

“நீயும் அதையே சொல்லாத. அவுங்க உன்னையப் பெத்த வயித்துலதான் என்னையும் பெத்தாங்க. உனக்கு ஒரு வருசத்துக்கு அம்மா, எனக்கு மூணு நாளைக்கு அம்மாவா?”

“நானா பாப்பா இதெல்லாம் வெச்சேன்?” என்றான் சிவக்குமார். கீழே இறங்கிப் போய்ப் பாட்டிலை எடுத்து வந்தான். இரண்டு பேரும் அன்றைக்கு மேற்கொண்டு ஓடவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. அந்தப் பக்கத்தில் யாரும் எதிர்பாராத மழை. ஏரி நிரம்பி வழிந்து ஓடைக்கு வந்தது. ஓடையிலிருந்து காடெல்லாம் கசிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனபோது கிணற்றின் அடியில் வேலஞ்செடி முழுகியிருந்தது. பழுப்பு நிறத் தண்ணீரில் புறா இறகு மிதந்தது.

“ஊத்து தொறந்துக்கிச்சு” என்றான் சிவக்குமார். அவனுக்குச் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

ஒவ்வொரு வாரமும் தண்ணீர் படிகளை விழுங்கிக்கொண்டு மேலே வந்தது. அவர்கள் ஏறுவதற்கு இருந்த ஒரே மலை அடியிலிருந்து கரைந்துகொண்டிருந்தது. கார்த்திகையில் இறங்கத் தொடங்குகிறபோதே கால் நனைந்தது. மிச்சமிருந்த படிகளில் இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டு மேலும் கீழும் ஓடினார்கள். வழியில் போன பக்கத்துக் காட்டுக்காரி நின்று பார்த்துவிட்டு, “என்ன சாமி, தண்ணிக்கு வெளையாட்டுக் காட்டறீங்களா?” என்று கேட்டாள்.

ஊரே வானத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தது. ஒரு குடியானவன் வீட்டுப் பெண் மழையைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறாள் என்பதை வெளியே சொல்ல முடியுமா? தனப்பிரியா யாரிடமும் சொல்லவில்லை. கடையில் பில் போடும்போது வெளியே தூறல் சத்தம் கேட்டால் கணக்கு தப்பியது.

கடைசியில் அப்பாவே முடித்து வைத்தார். ஒரு சனிக்கிழமை அவள் வந்தபோது கிணற்று மேட்டில் ஆட்கள் நின்றிருந்தார்கள். மோட்டாரை இறக்கி, படிகளின்மேல் பைப்பைச் சாய்த்துக் கம்பியால் கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்திருந்தார். காளியாத்தாள் போன பிறகு அவர் நிமிர்ந்து நின்று ஒரு வேலை செய்ததை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

“கரும்பு வெக்கலாம்னு இருக்கறேன் கண்ணு” என்றார். மகள் முகத்தைப் பார்த்துவிட்டு, “உங்க ஓட்டத்துக்கு எடம் இல்லாம போச்சு” என்றார்.

“பரவால்லீங்ப்பா.”

“அந்தக் கொல்லிமலைக்கு நீ போயிட்டு வா. உனக்கு எதுக்குத் தட?”

எல்லோரும் அதையே சொன்னார்கள். ஓட்டம் நடத்துகிறவர்களின் சேலம் அலுவலகத்திலிருந்து அனிதா என்ற பெண் கூப்பிட்டாள். சிவக்குமார் அவளுக்கு முன்பே போன் செய்து விஷயத்தைச் சொல்லியிருந்தான். “இணைப் பிரிவிலேருந்து தனிப் பிரிவுக்கு மாத்தித் தரலாங்க மேடம். உங்க அண்ணன் உங்களை எப்படியாச்சும் ஓட வைக்கச் சொன்னாரு” என்றாள் அனிதா. வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் போதும் என்றாள். சத்தீஸ்கரிலிருந்து அர்த்தநாரி, ரிக் சத்தத்துக்கு நடுவே கத்தினான்: “போயிட்டு வா புள்ள! உன்னைய ஆரு புடிச்சு வெச்சிருக்கா?”

அதுதான் அவளுக்கும் கேள்வி. ஆசை இல்லாமல் இல்லை. திருச்செங்கோட்டுப் படிகள் இருந்தன. ஒரு மாதம் காலையும் மாலையும் ஏறி இறங்கினால் தொடை தேறிவிடும். அண்ணன் இல்லாமல் ஓடினால் இன்னும் வேகமாகவே ஓடுவாள். அந்தக் கயிற்றைத் தாண்டி, அந்த ஏற்றத்தை ஏறி, மேலே போய் நிற்கலாம். அப்படி நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் காளியண்ணன் சொன்னது சரியென்று ஆகும். மூன்று நாளோடு அவளுக்கு முடிந்தது என்று ஆகும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், கடையில் யாரும் இல்லாத நேரத்தில், அனிதாவைக் கூப்பிட்டாள்.

“நான் வரலீங்க.”

“ஏங்க மேடம்? உடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கறேன். அம்மா எறந்து இன்னும் வருசம் திரும்பலீங்க. மலையேறக் கூடாது.”

“ஓ, அப்படிங்களா? உங்க அண்ணன் உங்களுக்கு அது இல்லேன்னு சொன்னாருங்களே.”

“இருக்குதுங்க” என்றாள்.

அன்றிலிருந்து திருச்செங்கோட்டுப் படியிலும் அவள் கால் வைக்கவில்லை. மாமியார் கேட்டதற்கு முட்டி வலி என்றாள். காலையில் விழிப்பு மட்டும் பழைய நேரத்துக்கே வந்தது. எழுந்து இருட்டில் உட்கார்ந்து தொடையைத் தடவிக்கொள்வாள். உழைக்காத தொடை வாரத்துக்கு வாரம் இளகிக்கொண்டு வந்தது.

தையில் ஓட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா வீட்டில் இருந்தாள். விடியும்போது பனி இறங்கியிருந்தது. கொல்லிமலை இருக்கிற திசையில் வெறும் வெள்ளைதான் தெரிந்தது. இந்நேரம் முதல் இறக்கத்தில் இருப்பார்கள் என்று சிவக்குமார் சொன்னான். அவள் அடுப்படிக்குப் போனாள். கொள்ளு வேகவைத்து ரசம் வைத்தாள், களி கிண்டினாள். களி கிண்டுகிற கையில் இருந்த வேகத்தைப் பார்த்து அவன் எழுந்து தறிக்கூடத்துக்குப் போய்விட்டான்.

இவர்கள் சாப்பிட உட்கார்ந்த நேரத்துக்குக் காளியண்ணன் வந்தார். அவருக்கும் இலையைப் போட்டுக் களியை வைத்தாள்.

“இன்னைக்குத்தான அம்முணி அந்த ஓட்டம்? நீ போவுலையா?”

“போவுலீங்க பெரீப்பா.”

“ஏன்? பயந்துக்கிட்டயா? அண்ணன் தொணையில்லாம அத்தன தூரம் முடியாதுன்னு உட்டுட்டயாட்ட இருக்குது.” அவர் ரசத்தைக் களியில் ஊற்றிக் குழி பறித்தார். “நாந்தான் அன்னைக்கே சொன்னனே, ஒரு தடையும் இல்லைன்னு.”

சிவக்குமார் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார்.

“பயமெல்லாம் இல்லீங்க. எனக்கும் வருசம்தானுங்க. நானும் ஏறல.”

காளியண்ணன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் என்ன கேட்கிறாள் என்று அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. பிறகு சிரித்தார்.

“வெவரமில்லாத புள்ள. உனக்கு எதுக்குச் சாமி வருசம்? நீ வேற ஊட்டுக்காரி. நீ ஏறாம இருந்தா அது கணக்குலயே வராது. மூணு நாள்தான் உனக்கு. இத ஆருகிட்ட வேணும்னாலும் கேட்டுப் பாரு.”

“கேக்கலீங்க” என்றாள் அவள். “இன்னுங் கொஞ்சம் களி வெக்கட்டுங்களா?”

“வெய்யி.”

வைத்தாள். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். வழக்கம்போல அண்ணன் பேசி முடித்த பிறகு பேச அவருக்கு ஒன்றும் மிச்சமில்லை. இலையை மடித்து எழுந்தவர் கை கழுவிக்கொண்டே, “மோட்டாரு வெடியக்காலம் போட்டது கண்ணு. வாய்க்கா ரொம்பியிருக்கும். போயி நிறுத்தீட்டு வந்துரு” என்றார்.

காட்டுக்குப் போகிற தடத்தில் அவள் ஓடவில்லை, நடந்தாள். பனி விலகியிருந்தது. கிழக்கே கொல்லிமலை நீளமாகக் கிடந்தது. அவளுடைய ஏற்றம் அதில் எந்த மடிப்பில் இருக்கிறது என்று இங்கிருந்து சொல்ல முடியாது. கரும்புக் கரணை நட்ட பாத்திகளில் தண்ணீர் நிறைந்து நின்றது. சுவிட்சைத் தட்டி மோட்டாரை நிறுத்தினாள். சத்தம் அடங்கியதும் எட்டிப் பார்த்தாள்.

விடிந்ததிலிருந்து அத்தனை தண்ணீர் இறைத்திருந்தும், கிணற்றில் நேற்று எந்தப் படியில் தண்ணீர் நின்றதோ அதே படியில்தான் நின்றது.